விற்கப்பட்ட பெல்ட்... கிழிந்த கிளவுஸ்... கையெழுத்தில்லாத அட்டை! - குத்துச்சண்டை சேகரிப்புகளின் நிஜக் கதைகள்

1993-ம் ஆண்டு. இங்கிலாந்தில் நடந்த ஓர் ஏலத்தில் மூன்று பெல்ட்டுகள் விற்பனைக்கு வந்தன. மூன்றும் ஒரே மனிதருக்குச் சொந்தமானவை. அவர் பெயர் ஹென்றி கூப்பர். இங்கிலாந்து மக்கள் 'நம்ம என்றி' என்று வீட்டுப்பிள்ளைபோல உரிமையோடு கூப்பிட்ட குத்துச்சண்டை வீரர்.

பிரிட்டனில் குத்துச்சண்டை வீரருக்குக் கிடைக்கும் மிகப்பெரிய கௌரவம் 'லான்ஸ்டேல் பெல்ட்'. 1909-ல் தொடங்கிய வழக்கம் இது. பட்டத்தை ஜெயித்தால் பெல்ட் கைக்கு வரும், ஆனால் சொந்தமாகாது. கூப்பர் ஆடிய காலத்தில், ஜெயித்த பட்டத்தை மேலும் இரண்டு முறை தக்கவைத்தால்தான் அதை நிரந்தரமாக வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஒரு பெல்ட்டைச் சொந்தமாக்கவே பலருக்கு மொத்த வாழ்க்கையும் போதாது. கூப்பர் மூன்றைச் சொந்தமாக்கினார். அப்படிச் செய்த ஒரே வீரர் அவர்தான்.

அந்த மூன்றையும் விற்கவேண்டிய நிலை அவருக்கு வந்தது. 'லாயிட்ஸ்' காப்பீட்டுச் சந்தையில் தனிநபர்கள் முதலீடு செய்யும் முறை ஒன்று இருந்தது. லாபம் வந்தால் பங்கு கிடைக்கும். நஷ்டம் வந்தாலோ, சொந்த வீடு வாசலை விற்றாவது கட்ட வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த நஷ்டம் பல்லாயிரம் பேரைச் சாய்த்தது. அதில் கூப்பரும் ஒருவர். மூன்று பெல்ட்டுகளுக்கும் சேர்த்துக் கிடைத்தது 42,000 பவுண்டு. அன்றைய மதிப்பில் நம் ஊர்க் கணக்குக்கு சுமார் 20 லட்சம் ரூபாய்.

பழைய குத்துச்சண்டைப் பொருள்களைச் சேகரிப்பவர்களின் உலகத்துக்குள் நுழைகிறவர்கள் சீக்கிரமே தெரிந்துகொள்ளும் விஷயம் இதுதான். கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளக்கும் பல பொருள்கள் அங்கே வந்து சேர்ந்ததற்குக் காரணம், யாரோ ஒருவர் வேறு வழியில்லாமல் அவற்றைக் கைவிட்டதுதான்.

எதையெல்லாம் சேகரிக்கிறார்கள்?

சாம்பியன் பெல்ட், கிளவுஸ், வீரர்கள் ரிங்குக்குள் போட்டு வரும் அங்கி, கால்சட்டை, ஷூ ஆகியவை முதல் வரிசை. போட்டி நடந்த அரங்கின் போஸ்டர், டிக்கெட், நிகழ்ச்சி நிரல் புத்தகம், பத்திரிகைப் புகைப்படம், ஒப்பந்தப் பத்திரம், ஆட்டோகிராஃப் இவையெல்லாம் அடுத்த வரிசை.

சிகரெட் பாக்கெட்டுக்குள் வந்த அட்டைகளுக்கும் பெரிய மவுசு உண்டு. பாக்கெட் நசுங்காமல் இருக்க உள்ளே வைத்த அட்டையில், விற்பனையைக் கூட்டுவதற்காகப் படம் அச்சடித்தார்கள். 1887-ல் அமெரிக்காவின் 'ஆலன் அண்ட் கின்டர்' நிறுவனம் வெளியிட்ட 50 அட்டைகளில் 10 அட்டைகள் குத்துச்சண்டை வீரர்களுடையவை. அன்றைய ஹெவிவெயிட் சிங்கம் ஜான் எல். சல்லிவனும் அதில் இருந்தார். 1948-ல் 'லீஃப்' நிறுவனம் வெளியிட்ட வரிசையில் ராக்கி கிராசியானோ அட்டை ஒன்று உண்டு. இன்று உலகம் முழுக்க அது விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறது.

ஏலத் தொகைகளைக் கேட்டால் தலை சுற்றும். 1964 பிப்ரவரி 25 அன்று மயாமி பீச்சில் சோனி லிஸ்டனை வீழ்த்தி முதன்முறையாக உலக சாம்பியன் ஆனார், 22 வயது கேஷியஸ் கிளே. பந்தயம் கட்டியவர்கள் 7-க்கு 1 என்று லிஸ்டன் பக்கம்தான் நின்றார்கள். ஏழாவது ரவுண்டுக்கு லிஸ்டன் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. அன்று கிளே அணிந்த கிளவுஸ் 2014-ல் 8,36,500 டாலருக்கு ஏலம் போனது. அதாவது அன்றைய மதிப்பில் 5 கோடி ரூபாய்க்கு மேல்!

கேஷியஸ் கிளேதான் பிறகு முகமது அலி ஆனவர். 1974-ல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் ஜார்ஜ் ஃபோர்மேனை வீழ்த்தி அவர் மீண்டும் பட்டம் வென்றார். அந்த வெற்றியோடு தொடர்புடைய பெல்ட் 2022-ல் 61.8 லட்சம் டாலருக்கு விற்றது. வாங்கியவர், அப்போது அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றின் உரிமையாளராக இருந்த ஜிம் இர்சே. ரூபாயில் சொன்னால் சுமார் 49 கோடி.

தோலும் உலோகமும் இவ்வளவு விலை போகுமா? போகாது. அதில் ஒட்டியிருக்கும் கதைக்குத்தான் அந்த விலை.

ஒரு கிழிசலின் கதை

1963 ஜூன் 18. லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியம். கிளேவுக்கும் ஹென்றி கூப்பருக்கும் போட்டி. நான்காவது ரவுண்டு முடிய சில நொடிகளே இருந்தபோது கூப்பரின் புகழ்பெற்ற இடது கை பாய்ந்தது. கிளே கயிற்றில் சாய்ந்து தரையில் விழுந்தார். எழுந்து நின்றபோது மணி அடித்துவிட்டது. அந்த மணி மட்டும் கொஞ்சம் தாமதமாக அடித்திருந்தால் குத்துச்சண்டை வரலாறே மாறியிருக்கலாம்.

கிளேவின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ சாமர்த்தியசாலி. தன் வீரரின் கிளவுஸில் தையல் கொஞ்சம் விட்டிருப்பதை அவர் ஏற்கெனவே கவனித்து வைத்திருந்தார். உடனே நடுவரைக் கூப்பிட்டு அதைக் காட்டினார். அந்தக் கிழிசலைத் தானே விரலால் இன்னும் கொஞ்சம் பெரிதாக்கியதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். கிடைத்த அவகாசத்தில் கிளே சுதாரித்தார். அடுத்த ரவுண்டில் கூப்பரின் கண்ணுக்கு மேல் வெட்டுப்பட்டு ரத்தம் கொட்ட, போட்டி நிறுத்தப்பட்டது. கிளே ஜெயித்தார்.

'மாற்று கிளவுஸ் தேடி மூன்று நிமிடம் ஓடியது' என்று ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டார்கள். ஆனால் போட்டியின் படச்சுருளைப் பார்த்தவர்கள் நேரத்தைக் கணக்கிட்டபோது, வழக்கமான ஒரு நிமிட இடைவேளையைவிடச் சில நொடிகளே கூடுதலாகப் போயிருந்தது தெரியவந்தது. கிளவுஸை மாற்றவும் இல்லை. நினைவு ஒன்று சொல்கிறது, ஆதாரம் வேறொன்று சொல்கிறது. பழைய பொருள்களைப் பத்திரப்படுத்துகிறவர்கள் இல்லையென்றால் நினைவு சொன்னதே வரலாறாகியிருக்கும்.

விசாரணைக்காகப் பிடித்துவைத்த கிளவுஸ்

1965 மே 25. அலியும் லிஸ்டனும் இரண்டாவது முறையாக மோதினார்கள். இடம், மெய்ன் மாநிலத்தின் லூயிஸ்டன் என்ற சின்ன ஊர். பள்ளிப் பிள்ளைகள் ஐஸ் ஹாக்கி ஆடும் அரங்கம். உலக ஹெவிவெயிட் பட்டப் போட்டிக்கு வந்த பார்வையாளர்கள் வெறும் 2,434 பேர்!

முதல் ரவுண்டிலேயே லிஸ்டன் விழுந்தார். எந்தக் குத்தில் விழுந்தார் என்பது அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கே சரியாகத் தெரியவில்லை. 'மாயக் குத்து' என்று அதற்குப் பெயர் வந்தது. கீழே கிடக்கும் லிஸ்டனைப் பார்த்து அலி கையை மடக்கிக்கொண்டு கத்தும் புகைப்படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. எடுத்தவர் நீல் லைஃபர். அந்தப் படத்தில் அலியின் கால்களுக்கு இடையே ஒரு போட்டோகிராபர் தெரிவார். அவரும் லைஃபர் வேலை பார்த்த அதே பத்திரிகைக்காரர்தான், ஹெர்ப் ஷார்ஃப்மேன். பல ஆண்டு அனுபவசாலி. ஆனால் அந்த நொடியில் அவர் இருந்தது எதிர்ப்பக்கம். அவருக்குக் கிடைத்தது அலியின் முதுகு மட்டுமே.

போட்டி முன்கூட்டியே பேசிவைத்தது என்று சந்தேகம் கிளம்பியதால், இரண்டு வீரர்களின் கிளவுஸையும் அந்த மாநிலக் குத்துச்சண்டை ஆணையர் வாங்கி வைத்துக்கொண்டார். அந்த நான்கு கிளவுஸும் சேர்ந்து 2015-ல் 9,56,000 டாலருக்கு ஏலம் போயின. சந்தேகத்தில் எடுத்து வைத்ததுதான் அவற்றைக் காப்பாற்றியது. அதிகாரி ஒருவர் கையில் நேரடியாகப் போனதால், 'இது நிஜம்தானா?' என்ற கேள்விக்கே இடமில்லாமல் போனது.

நடக்காத போட்டிக்கு டிக்கெட்!

அதே போட்டி முதலில் நடக்கவிருந்தது பாஸ்டன் நகரில், 1964 நவம்பர் 16 அன்று. மூன்று நாள் முன்பு அலிக்குக் குடலிறக்கம் ஏற்பட்டு அவசர அறுவை சிகிச்சை நடந்தது. போட்டி தள்ளிப்போய், பிறகு ஊரும் மாறியது. பாஸ்டன் பெயர் போட்ட டிக்கெட்டுகள் அப்படியே தங்கிவிட்டன. நடக்காத போட்டிக்கு ஒரு சாட்சி!

கின்ஷாசா போட்டிக்கும் இதேபோல ஒன்று உண்டு. 1974 செப்டம்பரில் நடக்கவேண்டிய போட்டி அது. பயிற்சியில் ஃபோர்மேனின் கண்ணுக்கு மேல் வெட்டுப்பட்டதால் அக்டோபர் 30-க்குத் தள்ளிப்போனது. செப்டம்பர் தேதி போட்ட போஸ்டர்களைச் சேகரிப்பாளர்கள் தேடிப் பிடிக்கிறார்கள். 'அடிமைக் கப்பலிலிருந்து சாம்பியன் பட்டத்துக்கு' என்ற பொருளில் ஒரு போஸ்டர் அச்சாகி, அங்கிருந்த அரசு அதைக் கண்டு கொதித்து அழிக்கச் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு.

போஸ்டரில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்தக் காலத்தில் பெரிய போட்டிகளை டி.வி.யில் இலவசமாகக் காட்டமாட்டார்கள். ஊர் ஊராகத் திரையரங்குகளில் நேரடி ஒளிபரப்பு செய்து டிக்கெட் விற்பார்கள். அந்தத் திரையரங்குகளுக்காக அடித்த போஸ்டர் நிறையக் கிடைக்கும். போட்டி நடந்த ஊரில் ஒட்டுவதற்காக அடித்தது குறைவு, அதனால் விலையும் அதிகம். டிக்கெட்டிலும் இப்படித்தான். வாசலில் கிழித்துக் கொடுத்த பாதிக்கு ஒரு விலை, கிழிக்காத முழு டிக்கெட்டுக்கு வேறு விலை.

எழுதத் தெரியாதவரின் கையெழுத்து

ஆட்டோகிராஃப் சேகரிப்பில் அலியின் கையெழுத்து தாராளமாகக் கிடைக்கும். கேட்டவருக்கெல்லாம் போட்டுக் கொடுத்த மனிதர் அவர். மதப் பிரசுரங்களில்கூடக் கையெழுத்திட்டு வழியில் பார்ப்பவர்களுக்குக் கொடுப்பார். ஆனால் காலத்துக்குக் காலம் அது மாறும். 1964 மார்ச்சுக்கு முன்பு 'கேஷியஸ் கிளே'. அதன் பிறகு 'முகமது அலி'. 1984-ல் பார்க்கின்சன் பாதிப்பு என்று தெரிந்த பிறகு, எழுத்து வருடத்துக்கு வருடம் சிறுத்து நடுங்கத் தொடங்கியது. கையெழுத்தைப் பார்த்தே எந்தக் காலத்தில் போட்டது என்று சொல்லிவிடுகிறார்கள் நிபுணர்கள். ஒரு மனிதரின் நோய் வளர்ந்த கதையும் அந்தக் காகிதங்களில் இருக்கிறது.

லிஸ்டனின் கையெழுத்து அபூர்வம். காரணம் வேறு. குழந்தைகள் நிறைந்த ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பருத்திக் காட்டில் வேலை செய்து வளர்ந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு வாய்க்கவில்லை. உலக சாம்பியன் ஆன பிறகும், பெயரை எழுதுவது அவருக்குச் சிரமமான காரியம். ரசிகர்களுக்குப் போன படங்களில் மனைவி ஜெரால்டின் போட்ட கையெழுத்துகளும் உண்டு என்பது சேகரிப்பாளர்களுக்குத் தெரியும். 'உலகமே பயந்த' அந்த மனிதர் தன் கைப்பட எழுதிய பெயர் இன்று பெரும் விலை போகிறது.

கையெழுத்து இருந்தால் விலை கூடும் என்பதுதான் இந்த உலகின் விதி. அதைத் தலைகீழாக்கிய பொருள் ஒன்று 2025-ல் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்துக்கு வந்தது. 1967-ல் அமெரிக்க ராணுவச் சேர்க்கைக்காக அலிக்குக் கொடுக்கப்பட்ட அட்டை. கேஷியஸ் கிளே, முகமது அலி என்று இரண்டு பெயர்களும் அதில் இருக்கின்றன. அவர் கையெழுத்திட வேண்டிய இடம் மட்டும் காலி!

வியட்நாம் போருக்குப் போக மறுத்தார் அலி. பட்டம் பறிக்கப்பட்டது. சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டால் ஜெயிலுக்குப் போகவில்லை என்றாலும், உடல் உச்சத்தில் இருந்த மூன்றரை ஆண்டுகள் ரிங்குக்குள் கால் வைக்க முடியவில்லை. 1971 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. அந்த அட்டையின் காலி இடத்துக்காக அவர் கொடுத்த விலை அது.

ராசியில்லாத அங்கி

எல்லாமே கனமான கதைகள் இல்லை. 1973-ல் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி, அலிக்கு ஓர் அங்கியைப் பரிசாகக் கொடுத்தார். வெள்ளை நிறம், முழுக்கக் கற்கள் பதித்தது. முதுகில் 'மக்களின் தேர்வு' என்ற அர்த்தத்தில் வாசகம். அதைப் போட்டுக்கொண்டு பிப்ரவரியில் ஜோ பக்னருடன் மோதி ஜெயித்தார் அலி. மார்ச்சில் அதே அங்கியோடு கென் நார்ட்டனைச் சந்திக்கப் போனார். தாடை உடைந்து தோற்றுத் திரும்பினார். அதற்குப் பிறகு அந்த அங்கியை அவர் தொடவே இல்லை!

நிஜமா, போலியா?

பணம் புழங்கும் இடத்தில் போலியும் வரும். தொண்ணூறுகளில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் பெரிய விசாரணை நடத்தியது. விளையாட்டு நட்சத்திரங்களின் கையெழுத்தை அச்சு அசலாகப் போட்டு, சான்றிதழோடு விற்ற கும்பல்கள் பிடிபட்டன. சான்றிதழையும் அவர்களே அச்சடித்திருந்தார்கள். 'சான்றிதழ் இருக்கிறதே' என்று நம்பி வாங்கியவர்கள் ஏராளம்.

கிளவுஸ், அங்கி போன்றவற்றுக்கு இப்போது 'போட்டோ மேட்ச்' என்ற முறையைப் பின்பற்றுகிறார்கள். போட்டியன்று எடுத்த புகைப்படத்தைப் பெரிதாக்கி, கிளவுஸின் சுருக்கம், தையல் ஓடும் விதம், லேபிள் சாய்ந்திருக்கும் கோணம், சிறு கீறல் என்று ஒவ்வொன்றையும் ஒப்பிடுவார்கள். இரண்டு கிளவுஸில் ஒரே மாதிரி சுருக்கம் விழாது. அது கைரேகை மாதிரி.

அதைவிட முக்கியமானது, பொருள் கை மாறி வந்த வழி. வீரரிடமிருந்து யாருக்குப் போனது, அவரிடமிருந்து யாருக்கு, அதற்குக் கடிதமோ ரசீதோ புகைப்படமோ உண்டா? இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் விலை சரிந்துவிடும்.

ஆற்றில் வீசிய பதக்கம்

கதையே சிக்கலாகிவிடும் சந்தர்ப்பமும் உண்டு. 1960 ரோம் ஒலிம்பிக்கில் 18 வயது கிளே தங்கம் வென்றார். சொந்த ஊரான லூயிவில்லுக்குத் திரும்பியவருக்கு, கறுப்பர் என்பதால் ஓர் உணவகத்தில் சாப்பாடு மறுக்கப்பட்டது, கோபத்தில் பதக்கத்தை ஒஹையோ ஆற்றில் வீசிவிட்டார் என்று 1975-ல் வந்த அவருடைய சுயசரிதை சொன்னது. பதக்கம் தொலைந்துபோனதுதான் என்கிறார்கள், அவர் வாழ்க்கையை ஆராய்ந்து எழுதியவர்கள்.

எது நிஜமாக இருந்தாலும், அந்த ஊரில் கறுப்பர்களுக்குக் கதவு மூடப்பட்டது பொய்யில்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில், கூடைப்பந்து இறுதிப்போட்டியின் இடைவேளையில், அலியின் கழுத்தில் மாற்றுப் பதக்கம் ஒன்றைப் போட்டார் ஒலிம்பிக் கமிட்டித் தலைவர். அலி அதை எடுத்து முத்தமிட்டார்.

உருகிப்போன வரலாறு

ஜான் எல். சல்லிவனுக்கு 1887-ல் பாஸ்டன் ரசிகர்கள் கொடுத்த பெல்ட்டில் 397 வைரக்கற்கள் இருந்தன. கையில் பணம் கரையக் கரைய, அந்தக் கற்களைப் பெயர்த்து அடகு வைத்தார் சல்லிவன். கூப்பரின் கதைக்கு ஒரு நூற்றாண்டு முந்தைய கதை இது. 'வீட்டில் இருக்கும் கடைசிக் குண்டுமணித் தங்கம்' அடகுக் கடைக்குப் போகும் வலி நம் ஊர்க் குடும்பங்களுக்கும் தெரிந்ததுதான்.

அவர்களாவது தங்களுடைய பொருளைத் தாங்களே விட்டுக்கொடுத்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் கனஸ்டோட்டா கிராமத்தில் நடந்தது வேறு. வெங்காய விவசாயத்துக்குப் பேர்போன அந்த ஊரில்தான் சர்வதேச குத்துச்சண்டை ஹால் ஆஃப் ஃபேம் இருக்கிறது. வெங்காய விவசாயியின் மகனாக அங்கே பிறந்த கார்மென் பசிலியோ, 1957-ல் மாவீரர் சுகர் ரே ராபின்சனைத் தோற்கடித்து மிடில்வெயிட் சாம்பியன் ஆனவர். நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 1925 முதல் 2007 வரை பயன்பட்ட ரிங்கையும் அப்படியே பெயர்த்து வந்து இங்கே வைத்திருக்கிறார்கள். அலியும் ஜோ ஃப்ரேசியரும் 1971-ல் 'நூற்றாண்டின் போட்டி'யில் மோதியது அந்த ரிங்கில்தான்.

2015 நவம்பரில் திருடர்கள் அங்கே புகுந்தார்கள். பசிலியோ, டோனி சேல் இருவருக்கும் சொந்தமான ஆறு பெல்ட்டுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். சேல், இரும்பாலைத் தொழிலாளியாக இருந்து சாம்பியன் ஆனவர்.

2023-ல் ஒன்பது பேர்மீது அமெரிக்க அரசு குற்றம் சாட்டியது. சுமார் 20 ஆண்டுகளாக அருங்காட்சியகங்களைக் குறிவைத்த கும்பல் அது. பேஸ்பால் வீரர்களின் மோதிரங்கள், ஓவியங்கள், கோப்பைகள் என்று பட்டியல் நீண்டது. திருடிய கோப்பைகளையும் மோதிரங்களையும் உருக்கி, உலோகக் கட்டிகளாக்கி, நிஜ மதிப்பில் சிறு பங்குக்கு விற்றார்கள் என்பதுதான் குற்றச்சாட்டில் கொடுமையான பகுதி. அடகு வைத்ததை மீட்கலாம். விற்றதை இன்னொருவர் வீட்டிலாவது பார்க்கலாம். உருக்கியதை என்ன செய்ய முடியும்?

சேர்த்தவர்கள் செய்த நன்மை

சேகரிப்பு என்றாலே பணக்காரர் பொழுதுபோக்கு என்று நினைத்துவிட வேண்டாம். ஹேங்க் கேப்லன் என்ற குத்துச்சண்டை வரலாற்றாசிரியர், அரசு சுகாதாரத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே பத்திரிகைத் துணுக்கு, புகைப்படம், நிகழ்ச்சி நிரல் என்று வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். மயாமியில் அவர் வீட்டை நிறைத்திருந்த அந்தக் காகிதங்கள், 2007-ல் அவர் இறந்த பிறகு புரூக்ளின் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தன. இன்று ஆய்வாளர்கள் தேடிப்போகும் இடம் அது.

இன்னொருவர் ஜிம் ஜேக்கப்ஸ். பழைய போட்டிகளின் படச்சுருள்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர். அவருக்கு நெருக்கமான பயிற்சியாளர் கஸ் டமாட்டோவின் வீட்டுக்குச் சீர்திருத்தப் பள்ளியிலிருந்து ஒரு பையன் வந்து சேர்ந்தான். ஜேக்கப்ஸின் பழைய படங்களைச் சுவரில் ஓடவிட்டு, மணிக்கணக்கில் பார்த்தான். ஜாக் டெம்ப்சி போன்ற பழைய வீரர்களின் நடையையும் முடிவெட்டையும்கூடக் கவனித்துப் பின்பற்றினான். 1986-ல் 20 வயதில் உலகின் இளம் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனான். அந்தப் பையன் மைக் டைசன்!

மெட்ராஸில் அலி

இந்தக் கதையில் சென்னைக்கும் ஒரு சின்ன இடம் உண்டு. 1980-ல் முகமது அலி மெட்ராஸ் வந்தார். பழைய நண்பரும் முன்னாள் சாம்பியனுமான ஜிம்மி எல்லிஸுடன் நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டியில் ஆடினார். அன்றைய முதல்வர் எம்.ஜி.ஆரும் அலியும் ஒன்றாக நிற்கும் கறுப்பு வெள்ளைப் படங்கள் இப்போதும் சமூக ஊடகங்களில் வலம் வருகின்றன.

வட சென்னைக்குத் தனியாகவே ஒரு குத்துச்சண்டைப் பாரம்பரியம் இருக்கிறது. 2021-ல் பா.இரஞ்சித் இயக்கிய 'சார்பட்டா பரம்பரை' வந்த பிறகுதான் இளைய தலைமுறையில் பலருக்கு அது தெரிந்தது. அந்த வரலாற்றுக்கு ஏலக்கூடமும் இல்லை, கண்ணாடிப் பெட்டியும் இல்லை. தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடக்கும் போட்டோ, துண்டு நோட்டீஸ், மெடல் இவைதான் ஆதாரம். பழைய பேப்பர்க்காரரின் தராசுக்குப் போனால் அதுவும் போச்சு.

வீட்டில் பழைய பொருள் இருக்கிறதா?

* கிளவுஸ், ஷூ போன்ற தோல் பொருள்களுக்கு எண்ணெய், பாலிஷ் போடாதீர்கள். கறையையும் தேய்த்து எடுக்க வேண்டாம். அந்தக் கறைதான் அடையாளம்.

* மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். காற்றோட்டமான, வெயில் படாத இடத்தில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

* பழைய போட்டோ, நோட்டீஸ், சான்றிதழ்களை லேமினேட் செய்யாதீர்கள். பிறகு பிரிக்கவே முடியாது. அமிலமில்லாத காகித உறையில் வைக்கலாம்.

* படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதைப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டுத் தனித்தாளில் எழுதி உடன் வையுங்கள். முடிந்தால் அவர்கள் பேசுவதை மொபைலில் பதிவு செய்யுங்கள்.

* புதிதாக வாங்கிச் சேர்க்க ஆசையென்றால் பழைய பத்திரிகை, நிகழ்ச்சி நிரல் புத்தகம், அச்சிட்ட அட்டைகளில் தொடங்குங்கள். ஆட்டோகிராஃபில் முதல் பணத்தைப் போட வேண்டாம். விற்பவர் கொடுக்கும் சான்றிதழை மட்டும் நம்பாமல், விற்பனையில் சம்பந்தமில்லாத மூன்றாவது நபரின் சோதனையைக் கேளுங்கள்.

மீண்டும் கூப்பரிடம்...

பெல்ட்டுகளை விற்ற பிறகும் ஹென்றி கூப்பர்மீது இங்கிலாந்து மக்களுக்கு இருந்த பாசம் கொஞ்சமும் குறையவில்லை. 2000-ல் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. 2011-ல் அவர் இறந்தபோது செய்திகளில் மறுபடி மறுபடி ஓடியது, வெம்ப்ளியில் அவருடைய இடது கை பாய்ந்து கிளே விழுந்த அந்தச் சில நொடிகள்தான்.

மூன்று லான்ஸ்டேல் பெல்ட்டுகளைச் சொந்தமாக்கிய ஒரே வீரர் என்று அவரைப் பற்றி இன்றைக்கும் எழுதுகிறார்கள். பெல்ட் கை மாறிவிட்டது. அந்த வரி இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது.